நெல்லையில் இலைச் சாப்பாடு: கை கழுவுவது முதல் இலை மடிப்பது வரை

மத்தியான ரயிலில் திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கும் வெளியூர்க்காரர்கள் பக்கத்து ஓட்டலில் இலை போட்டுச் சாப்பிடுவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். முதலில் வைக்கும் சோறு முழுவதிலும் சாம்பாரை ஊற்றிப் பிசைவார்கள். அதிலேயே வயிறு நிறைந்துவிடும். ரசம் வரும்போது கையைக் குறுக்கே நீட்டி வேண்டாம் என்பார்கள். மோரை டம்ளரில் வாங்கி ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். பார்க்க எனக்கு மனசு கேட்காது. அவர்கள் விட்டுவிட்டுப் போன பாதியில்தான் எங்கள் ஊர்ச் சமையலின் ருசி இருக்கிறது.

இலைச் சாப்பாட்டில் நாலைந்து சின்னச் சாப்பாடுகள் அடுத்தடுத்து வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிச் சோறு, தனிக் குழம்பு, அதற்குப் பொருத்தமான வெஞ்சனம். தொட்டுக்கொள்ளும் கறி வகைகளை எங்கள் பக்கம் வெஞ்சனம் என்போம். அதனால் சோற்றைப் பங்கு போடத் தெரிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாக வந்துவிடும். சின்ன வயதில் அப்பா என்னைப் பந்தியில் பக்கத்தில் உட்காரவைத்து ஒன்றே ஒன்றுதான் சொல்வார்: "மோருக்கு இடம் வச்சுக்கிட்டுச் சாப்பிடு." இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு பேச்சின் விரிவுதான்.

எப்போது போவது, எங்கே உட்காருவது

பகல் 12:30 மணியிலிருந்து 1:30-க்குள் உட்கார்ந்துவிடுங்கள். 12 மணிக்கு முன்னால் போனால் அப்பளம் பொரித்திருக்கமாட்டார்கள், ஏதாவது ஒரு கறி அடுப்பில் இருக்கும். 2 மணிக்கு மேலே போனால் அவியல் தீர்ந்திருக்கும், சோறும் சூடு தணிந்திருக்கும். அமாவாசை, வெள்ளிக்கிழமை, புரட்டாசிச் சனிக்கிழமைகளில் சைவ ஓட்டல்களில் கூட்டம் அதிகம். கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருக்கும். ஆனால் வடை, பாயாசத்தோடு பல ஓட்டல்களில் சாப்பாடு போடுவது அந்த நாட்களில்தான்.

பல இடங்களில் கல்லாவில் முதலில் பணம் கட்டி டோக்கன் வாங்க வேண்டும். அப்போதே கேட்டுவிடுங்கள்: "முழுச் சாப்பாடா, அளவுச் சாப்பாடா?" அளவுச் சாப்பாடு என்றால் சோறு ஒரே தடவைதான், குழம்பு வகைகள் கிண்ணத்தில் வரும். எவர்சில்வர் தட்டில் வட்டமாக வெட்டின இலைத் துண்டைப் போட்டுத் தருவதும் உண்டு. பசிக்கு அது போதும். இலைச் சாப்பாட்டுக்கு என்று கிளம்பினவர்கள் நீள இலை போடும் இடமாகப் பார்த்துப் போகவேண்டும். வாழை இலை மாதிரி அச்சடித்த பிளாஸ்டிக் தாளை எங்கேயாவது விரித்தால் அங்கே உட்காராதீர்கள். உணவு மேஜையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. சட்டத்தை விடுங்கள், கொதிக்கிற சோற்றை அதன்மேல் வைத்துச் சாப்பிட யாருக்குத்தான் மனசு வரும்?

தெரியாதவர்கள் எதிரிலும் பக்கத்திலும் உட்காருவது இங்கே சாதாரணம். மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் இடத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். வெற்று இலை காற்றில் புரளும், சோறும் சீக்கிரம் ஆறிவிடும். இடம் பிடித்ததும் போய்க் கை கழுவிவிட்டு வாருங்கள்.

இலையைப் பாருங்கள்

தாமிரபரணிப் பாசனத்தில் நெல்லோடு கூடவே வாழையும் உண்டு. சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம், களக்காடு என்று எந்தப் பக்கம் போனாலும் சாலை ஓரத்தில் வாழைத் தோட்டம் இருக்கும். அதனால் இங்கே இலை காயாமல், பச்சை வாசத்தோடு மேஜைக்கு வந்துவிடும். ஆனி, ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது மட்டும் தோட்டத்திலேயே இலைகள் நார் நாராகக் கிழிந்துவிடும். அந்த மாதங்களிலும் முகூர்த்த நாட்களிலும் இலை கொஞ்சம் சின்னதாக வந்தால் கோபப்படாதீர்கள்.

நுனி வெட்டாமல் வரும் இலையைத் தலைவாழை இலை என்போம். நுனி உங்களுக்கு இடது கைப்பக்கம் இருக்கவேண்டும். அகலமான பக்கம் வலது கைக்கு வரும். சோற்றைப் பிசைகிற கைக்கு இடம் வேண்டுமே, அதற்காகத்தான். நுனி இல்லாத ஏடு வந்தால் இந்தக் கணக்கு இல்லை. நடு நரம்பு குறுக்கே ஓடுகிற மாதிரி இருந்தால் போதும். நரம்புக்கு மேல் பாதி வெஞ்சனத்துக்கு, கீழ்ப்பாதி சோற்றுக்கு.

இலை போட்டதும் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, வலது கையால் ஒரு தடவை நீவி, தண்ணீரை இலையின் ஓரத்தால் வடித்துவிடுங்கள். அழுத்தித் தேய்க்க வேண்டாம். இலையின் மேல் இயற்கையாகவே மெழுகு மாதிரி ஒரு பூச்சு இருக்கிறது. சூடான சோறு அதன்மேல் விழும்போது எழும் வாசம்தான் இலைச் சாப்பாட்டின் முதல் ருசி. நீவும்போதே கிழிசல் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மேல் பாதியில் சின்னக் கிழிசல் இருந்தால் பரவாயில்லை. கீழ்ப்பாதியில் இருந்தால், "அண்ணாச்சி, இலை கிழிஞ்சிருக்கு, மாத்திக் கொடுங்க" என்று அப்போதே சொல்லிவிடுங்கள். சோறு வைத்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

இதை நான் அனுபவப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு வேலைக்கான நேர்காணலுக்குப் போகிற வழியில், பாளையங்கோட்டையில் ஒரு ஓட்டலில் சாப்பிட உட்கார்ந்தேன். அவசரத்தில் இலையைப் பார்க்கவில்லை. ரசம் ஊற்றினதும் கிழிசல் வழியாக இறங்கி வெள்ளைச் சட்டையிலும் மடியிலும் கொட்டிவிட்டது. சூடும் தாங்கவில்லை, மாற்றுச் சட்டையும் இல்லை. அந்தக் கறையோடுதான் அன்றைக்கு அதிகாரிகள் முன்னால் போய் நின்றேன்.

கிழிசல் இல்லாவிட்டாலும் ரசம் மடிக்கு வர ஒரு காரணம் உண்டு. நடு நரம்பு அடிப்பக்கம் உருண்டு தடித்திருக்கும். அதனால் இலை நடுவில் கொஞ்சம் உயர்ந்து, கீழ்ப்பாதி உங்களைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். எதை ஊற்றினாலும் உங்கள் பக்கம்தான் ஓடும். இலையை மேஜை விளிம்போடு ஒட்டிப் போடாமல் நாலு விரல் உள்ளே தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள்.

மேல் வரிசை நிரம்பும் நேரம்

இடது ஓரத்திலிருந்து வரிசையாக வைத்துக்கொண்டு வருவார்கள். மூலையில் உப்பு, அதை ஒட்டி ஊறுகாய், அப்புறம் பச்சடி, கூட்டு, பொரியல், அவியல். ஓட்டலுக்கு ஓட்டல் இது கொஞ்சம் மாறும். இதில் அவியலை நன்றாகக் கவனியுங்கள். வாழைக்காய், சேனை, முருங்கைக்காய், புடலங்காய், தடியங்காய், சீனியவரைக்காய் என்று நாட்டுக் காய்களாகப் போட்டு, தேங்காய், பச்சைமிளகாய், சீரகம் அரைத்துவிட்டு, கடைசியில் பச்சைத் தேங்காய் எண்ணெய் ஊற்றி இறக்குவார்கள். தடியங்காய் என்றால் வெண்பூசணி, சீனியவரைக்காய் என்றால் கொத்தவரங்காய். வெளியூரில் இருந்து வருகிறவர்களுக்கு இந்தப் பெயர்கள் புதிதாக இருக்கும்.

சோறு வருவதற்கு முன்னால் வெஞ்சனத்தைக் காலி செய்துவிடாதீர்கள். ருசி பார்க்க ஒரு விரல் எடுத்துக்கொண்டால் போதும். எது பிடித்திருக்கிறது என்று தெரிந்துகொண்டால் எதைத் திரும்பக் கேட்பது என்பதும் தெரிந்துவிடும். அப்பளத்தை முதலிலேயே வைத்துவிடுவார்கள். அதை நொறுக்கித் தின்னாமல் பாதியாவது ரசத்துக்கு எடுத்து வையுங்கள்.

சோற்றைப் பங்கு போடுவது

இந்த ஊர்ப் பெயரிலேயே நெல் இருக்கிறது. காயப்போட்டிருந்த நெல்லை மழை கொண்டுபோகாமல் சிவபெருமான் வேலியிட்டுக் காத்தார் என்பது நெல்லையப்பர் கோயில் தலபுராணம். அம்பாசமுத்திரத்தில் 1937-இல் தொடங்கின நெல் ஆராய்ச்சி நிலையம் இன்றும் இருக்கிறது. அங்கிருந்து 1986-இல் வந்த அம்பை 16 குட்டையான, பருமனான அரிசி. அந்த மாதிரிப் பருமன் அரிசிச் சோறு குழம்பை நன்றாக இழுத்துக்கொள்ளும். ஓட்டல்களில் பெரும்பாலும் சன்ன ரகம்தான். உதிரியாக இருக்கும், ஊற்றினது அடியில் இறங்கிவிடும். அதனால் ஓட்டல் சோற்றைக் கொஞ்சம் மசித்துப் பிசைய வேண்டும்.

பரிமாறுகிறவர் பெரிய கரண்டியால் ஒரு மலை மாதிரிச் சோறு வைப்பார். "அண்ணாச்சி, பாதி போதும், பெறவு வாங்கிக்கிடுதேன்" என்று சொல்லுங்கள். முழுச் சாப்பாட்டில் எத்தனை தடவை கேட்டாலும் சோறு வரும், கூச்சப்பட வேண்டாம். சொல்வதற்கு முன்னால் வைத்துவிட்டாரா? பரவாயில்லை. அதில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் முன்னால் இழுத்துக்கொண்டு மீதியை நரம்பை ஒட்டி ஒதுக்கி வையுங்கள். குழம்பு ஊற்ற வரும்போது முன்னால் இருக்கும் சோற்றைக் காட்டுங்கள். ஒதுக்கின சோற்றில் ஒரு சொட்டு சாம்பார்கூடப் படக்கூடாது. சாம்பார் பட்ட சோற்றில் மோரை ஊற்றினால் இரண்டின் ருசியும் கெட்டுப்போகும்.

முதல் சோறு பருப்புக்கு. இரண்டு கவளம் அளவு போதும். பருப்பு, அதன்மேல் நெய், ஒரு கல் உப்பு. பிசைந்து பொரியலோடு சாப்பிடுங்கள். சில ஓட்டல்களில் பருப்புக்குப் பதிலாகப் பருப்புப் பொடி தருவார்கள். பொடியை நெய்யில் நன்றாகக் குழைத்த பிறகே சோற்றில் சேர்க்கவேண்டும், இல்லாவிட்டால் தொண்டையில் அடைக்கும்.

இரண்டாவது சாம்பார். முதல் சோற்றைவிடக் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம். எங்கள் பக்கம் தேங்காயும் மசாலாவும் வறுத்து இடித்துப் போட்ட சாம்பாரை இடிசாம்பார் என்போம். கல்யாணப் பந்தியில் அது வரும். சாம்பாருக்குக் கூட்டைவிட அவியல்தான் சரியான துணை என்பது என் கருத்து. கூட்டிலும் பருப்பு, சாம்பாரிலும் பருப்பு என்றால் நாக்கு சலித்துவிடும்.

மூன்றாவது புளிக்குழம்பு. வத்தக்குழம்பாகவோ தீயலாகவோ வரும். தீயல் என்றால் தேங்காயைக் கருஞ்சிவப்பாக வறுத்து அரைத்துவிட்ட புளிக்குழம்பு. இதைக் கொஞ்சமாக வாங்குங்கள். ஒரு கைச் சோற்றுக்கு ஒரு சின்னக் கரண்டி. கூட்டு இதற்குத்தான். காரமும் புளிப்பும் ஏறும்போது பருப்புச் சேர்ந்த கூட்டு நாக்கைத் தணிக்கும். கிடைத்தால் சொட்டு நல்லெண்ணெயும் விட்டுக்கொள்ளுங்கள்.

நான்காவது ரசம். இங்கேதான் எல்லோரும் திணறுவார்கள். சோற்றைக் குவித்து, விரலால் நடுவில் குழி பறித்து, உங்கள் பக்கமாகக் கரையை உயர்த்திக் கட்டுங்கள். வயலுக்கு வரப்புக் கட்டுகிற மாதிரிதான். "கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க" என்று சொல்லுங்கள். குழியில் ஊற்றின ரசத்தை உடனே கலக்காமல் சோறு உறிஞ்ச விட்டு, அப்புறம் உள்பக்கத்திலிருந்து மசித்துக்கொண்டு வாருங்கள். கரை கடைசியில்தான் உடையவேண்டும். எடுத்து வைத்த அப்பளத்தை இப்போது நொறுக்கிப் போடுங்கள். பிசைந்து முடித்த பிறகு தெளிவு ரசம் கொஞ்சம் டம்ளரிலும் கேட்கலாம், தருவார்கள்.

பாயாசம் இருக்கிற நாளில் சில இடத்தில் ரசத்துக்கு முன்னாலும், சில இடத்தில் பின்னாலும் வரும். ஓட்டலில் சின்னக் கிண்ணத்தில் வைப்பார்கள். விருந்துகளில் இலையிலேயே ஊற்றி, அப்பளத்தையோ பழத்தையோ அதில் பிசைந்து சாப்பிடுகிறவர்களைப் பார்க்கலாம். ஒரு தடவை சாப்பிட்டுப் பாருங்கள். உப்பும் இனிப்பும் அப்படிச் சேரும்.

கடைசியில் மோர். இதற்காகத்தான் சோற்றை ஒதுக்கச் சொன்னேன். மோர்ச் சோறு சாப்பிடாமல் எழுந்தால் எனக்கு அது சாப்பிட்ட மாதிரியே இருக்காது. சோற்றை நன்றாக மசித்து, உப்புப் போட்டு, மோர் ஊற்றுங்கள். ஊறுகாயை முதலிலேயே தின்று தீர்த்துவிட்டால் இங்கே கை வெறுமையாக இருக்கும். நார்த்தங்காய் ஊறுகாய், மோர்மிளகாய், சீனியவரைக்காய் வத்தல் இதில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும். தயிர் வேண்டும் என்றால் பல இடங்களில் தனிக் காசு, முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

சொதி கிடைக்கிற நாள்

இந்த வரிசை எல்லாம் ஒரு நாள் மட்டும் பொருந்தாது. அது சொதி என்கிற தேங்காய்ப்பால் குழம்பு போடுகிற நாள். திருநெல்வேலிச் சைவ வேளாளர் வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்தில் சொதிதான். மாப்பிள்ளைச் சொதி என்றே பெயர். இப்போது எல்லார் வீட்டிலும் வைக்கிறார்கள், சில ஓட்டல்களிலும் குறிப்பிட்ட நாட்களில் போடுகிறார்கள்.

தேங்காயை அரைத்து மூன்று தடவை பால் பிழிவார்கள். இரண்டாம், மூன்றாம் பாலில் முருங்கைக்காய், கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, பட்டாணி எல்லாம் வேகும். வேகவைத்த பாசிப்பருப்பும் சேரும். கெட்டியான முதல் பாலைக் கடைசியில்தான் ஊற்றுவார்கள். அதற்குப் பிறகு கொதிக்கவிட்டால் பால் திரிந்துவிடும், அதனால் நுரை கூடும்போதே இறக்கிவிடுவார்கள். எலுமிச்சம்பழச் சாறு அடுப்பை விட்டு இறக்கின பிறகு. சமைக்கிறவருடைய பொறுமை முழுக்க இந்தக் கடைசி ஐந்து நிமிஷத்தில் தெரியும். நல்ல சொதி மஞ்சள் கலந்த வெள்ளையில், திரியாமல், கரண்டியில் ஒட்டுகிற பதத்தில் இருக்கும்.

சொதிக்கு சாம்பார் கிடையாது. சாம்பார் வந்தாலும் வாங்காதீர்கள். இலையில் இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு காரக்கறி, சிப்ஸ் இருக்கும். சோற்றில் சொதியைத் தாராளமாக ஊற்றித் தளரப் பிசையுங்கள். ஒரு வாய்க்கு இஞ்சிப் பச்சடி, அடுத்த வாய்க்கு உருளைக்கிழங்கு என்று மாற்றி மாற்றிச் சாப்பிடவேண்டும். இஞ்சிப் பச்சடியை ஊறுகாய் மாதிரி ஓரத்தில் விட்டுவிடாதீர்கள். இவ்வளவு தேங்காய்ப்பாலும் மந்தமாக வயிற்றில் தங்காமல் இருக்க, புளியும் வெல்லமும் சேர்ந்த அந்த இஞ்சிதான் மருந்து. அன்றைக்கு மட்டும் பங்குக் கணக்கை மாற்றிக்கொள்ளலாம். முக்கால் வயிறு சொதிக்கு, மிச்சம் ஒரு கை மோர்ச் சோற்றுக்கு. ரசத்தை விட்டாலும் தப்பில்லை.

உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல், கூட்டாஞ்சோறு எல்லாம் எங்கள் வீட்டுச் சமையல்கள். ஓட்டல் இலையில் அபூர்வம். யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால் தயங்காமல் போய்விடுங்கள்.

கையும் பேச்சும்

வலது கையால்தான் சாப்பிடவேண்டும். விரல்களின் இரண்டாம் கணு தாண்டாமல் பிசைந்து, நான்கு விரலில் ஏந்தி, கட்டைவிரலால் வாய்க்குள் தள்ளுங்கள். உள்ளங்கை நனையாது. தண்ணீர் டம்ளரை இடது கையால் எடுக்கலாம். கரண்டி கேட்டாலும் கொடுப்பார்கள். ஆனால் ஓரமும் அடியும் இல்லாத இலையில் கரண்டியால் சோற்றைப் பிடிக்க முடியாது, குத்தினால் இலையும் கிழியும்.

பரிமாறுகிறவரை அண்ணாச்சி என்று கூப்பிடுங்கள், இளையவராக இருந்தால் தம்பி, பெண்கள் என்றால் அக்கா. போதும் என்றால் இலைக்கு மேலே கையை விரித்துக் காட்டுங்கள். ஆனால் கரண்டி சாய்வதற்கு முன்னால் காட்டவேண்டும். வாளி தள்ளிப் போய்விட்டால் கத்திக் கூப்பிடாதீர்கள், ஒரு சுற்று முடிந்து அவரே வருவார். "அவியல் நல்லாருக்கு, இன்னும் கொஞ்சம் வைங்க" என்று சொல்லிப் பாருங்கள். மத்தியானம் முழுக்க வாளியோடு நடக்கிறவருக்கு அந்த ஒரு வார்த்தை எவ்வளவு பெரிது என்பது அவர் முகத்தில் தெரியும்.

இலையை மடிப்பது

சாப்பிட்டு முடித்ததும் மேல் பாதியை உங்களைப் பார்த்து மடியுங்கள். துக்க வீட்டில்தான் எதிர்ப்பக்கம் மடிக்கிற வழக்கம். இதிலும் வீட்டுக்கு வீடு வேறுபாடு உண்டு. ஆனால் ஓட்டலில் தன் பக்கம் மடித்தால் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். முருங்கைச் சக்கை, கறிவேப்பிலை எல்லாம் இலைக்குள்ளேயே இருக்கட்டும், மேஜையில் போடாதீர்கள். சில இடங்களில் இலையை நாமே எடுத்துப் போய்த் தொட்டியில் போட வேண்டியிருக்கும். கல்யாணப் பந்தி என்றால் பக்கத்தில் உள்ளவர்கள் முடிக்கும்வரை எழாமல் இருப்பது மரியாதை. ஓட்டலில் அடுத்த ஆள் பின்னாலேயே நிற்பார், முடிந்ததும் எழுந்துவிடலாம்.

அல்வாவை இதோடு சேர்க்க வேண்டாம். மோர்ச் சோற்றுக்கு மேலே அல்வா இறங்காது, அதைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கை கழுவிவிட்டு வெளியே வரும்போது கல்லாவில் ஒரு கேள்வி மட்டும் கேட்டு வையுங்கள்: "அண்ணாச்சி, சொதி என்னைக்குப் போடுவீங்க?" சொல்கிற கிழமையில் 12:30 மணிக்கே போய்விடுங்கள், முதலில் தீர்வது அந்த வாளிதான்.